பரா ஐஸ் ஹொக்கி காட்சி ஆட்டம் அல்ல

தம்பி, கால் இயலாதவர்கள் ஆடும் பரா ஐஸ் ஹொக்கியின் உலக சம்பியன்ஷிப் படத்தைப் போட்டு, "சக்கரக் கதிரையில் மெதுவாக ஆடும் காட்சி ஆட்டம், மோதலே இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அது தவறு.

அங்கே கதிரையே கிடையாது. அடியில் இரண்டு எஃகுச் சறுக்குத் தகடுகள் பூட்டிய தாழ்வான சறுக்கு வண்டியில், உடம்பை இறுக்கிக் கட்டிக்கொண்டு இருக்கிறார்கள். இரண்டு கையிலும் குட்டை மட்டை. ஒரு முனையில் கூரான பற்கள். அவற்றை ஐஸில் குத்தி உந்தித்தான் ஓட வேண்டும். அடுத்த கணமே மட்டையைப் புரட்டி மறுமுனையால் பக் எனும் தட்டையான ரப்பர் வட்டை அடிக்க வேண்டும். தோள்பட்டை என்ன பாடுபடும்! உடம்பால் மோதித் தடுப்பதும் விதிப்படி சரிதான். ஆனால் வண்டியின் முன்முனையால் எதிராளியை இடித்தால் குற்றம்.

1960களில் சுவீடனில் பிறந்த ஆட்டம் இது. நோர்வேயின் லில்லஹம்மரில் நடந்த 1994 போட்டியிலிருந்து பராலிம்பிக்கில் பதக்கத்துக்கு ஆடுகிறார்கள். 2024 கல்கரி உலக சம்பியன்ஷிப் இறுதியில் கனடா அமெரிக்காவை 2-1 என்று வென்றது.

திருகோணமலையில் ஐஸ் அரங்கு இல்லை, சரி. ஆனால் போரில் காலை இழந்தவர்கள் நம் ஊரிலும் இருக்கிறார்கள், அவர்களும் இதைப் படிப்பார்கள். தயவுசெய்து அந்த வரியைத் திருத்திவிடுங்கள்.