வெள்ளைக்காரர் காலத்துப் பால் சுத்தமாக இருந்ததா?

"வெள்ளைக்காரர் ஆட்சியில் நகரத்துப் பாலில் கலப்படமே கிடையாது, எல்லாம் சுதந்திரத்துக்குப் பிறகு வந்த கேடு" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இது உண்மையல்ல. 1887இல் கல்கத்தாவில் நின்றிருந்த ஆர்டன்க்ளூதா கப்பலில் காலரா கண்டது. நகரச் சுகாதார அதிகாரி சிம்சன் விசாரித்தபோது, பால்காரர் பாலில் குளத்துத் தண்ணீரைக் கலந்தது தெரியவந்தது. அந்தக் குளத்திலோ காலரா நோயாளியின் கழிவு கலந்திருந்தது. பாலைக் குடித்த மாலுமிகள் படுத்தார்கள். சிலர் இறந்தே போனார்கள். அவர்களை மறந்துவிட்டுப் பொற்காலம் பேசுவதை ஏற்க முடியவில்லை.

பம்பாயும் விதிவிலக்கல்ல. நெரிசலான நகருக்குள்ளேயே எருமைத் தொழுவங்கள் இருந்தன. நல்ல பால் தாராளமாகக் கிடைத்திருந்தால், 1945இல் அரசே பால் திட்டம் தொடங்கித் தொலைவில் இன்றைய குஜராத்திலுள்ள ஆனந்த் என்ற ஊரிலிருந்து பதப்படுத்திய பாலை ஏன் வரவழைக்க வேண்டும்? எருமைகளை ஊருக்கு வெளியே கொண்டுபோக ஆரே பால் பண்ணை வந்ததும் 1949இல்தான்.