லிமோன்செல்லோவில் எலுமிச்சைச் சாறு கிடையாது

'இத்தாலியின் லிமோன்செல்லோ என்ற இனிப்பு மதுபானம், மதுவில் எலுமிச்சைச் சாறு பிழிந்து செய்வது. கலங்கலாக இருப்பதே சாட்சி' என்றொரு தகவல் சுற்றுகிறது. தவறு.

தெற்கு இத்தாலியின் சொரெண்டோ, அமால்ஃபி கடற்கரையின் வழக்கமான செய்முறையில் சேர்வது தோல் மட்டுமே. மெழுகு பூசாத 10 பழங்களின் மஞ்சள் தோலை மெலிதாகச் சீவி, 1 லிட்டர் 95% ஆல்கஹாலில் ஒரு வாரமாவது இருட்டில் ஊறவைப்பார்கள். அடியிலுள்ள வெள்ளைப் பகுதியும் ஒட்டி வந்தால் கசந்துவிடும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். வடிகட்டி, 1.5 லிட்டர் தண்ணீரில் 700 கிராம் சர்க்கரை காய்ச்சிய பாகை நன்றாக ஆறவைத்துச் சேர்த்தால் ஆல்கஹால் அளவு சுமார் 32% வரும். சூடாக ஊற்றினால் மணம் பறந்துவிடும்.

கலங்கலா? ஆல்கஹாலில் கரைந்திருந்த தோல் எண்ணெய், தண்ணீர் சேர்ந்ததும் நுண்துளிகளாகப் பிரிந்து ஒளியைச் சிதறடிக்கிறது. அவ்வளவுதான், கெட்டுப்போனதாக நினைத்துக் கொட்டிவிட வேண்டாம்.