என் காசு, என் கூண்டு, என் புலி

"என் காசு, என் நிலம், என் கூண்டு. கறி வாங்கிப் போடுறது நான். ஊருக்கு என்ன வந்துச்சு?" புலி, சிங்கம், சிம்பன்சி என்று வீட்டில் வைத்திருப்பவர்கள் எந்த நாட்டுக்காரர்களாக இருந்தாலும் கடைசியில் இந்த இடத்துக்குத்தான் வந்து நிற்கிறார்கள். கேட்கும்போது நியாயம் மாதிரியே இருக்கும். என்னால் இதை ஒப்புக்கொள்ளவே முடியவில்லை. ஏன் என்று சொல்ல, அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்தில் ஒரு ராத்திரி நடந்ததைச் சொல்லியாக வேண்டும்.

ஜேன்ஸ்வில் என்று ஒரு சிறிய ஊர். அதன் ஓரத்தில் எழுபது ஏக்கருக்கு மேல் பரந்த ஒரு பண்ணை. டெர்ரி தாம்சன் என்பவர் அங்கே 56 விலங்குகளை வைத்திருந்தார். சட்டவிரோத ஆயுத வழக்கில் சிறைக்குப் போய், வெளியே வந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. 2011 அக்டோபர் 18, செவ்வாய்க்கிழமை. பொழுது சாயும் நேரத்தில் கூண்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டு, தன்னைத்தானே சுட்டுக்கொண்டு செத்துப்போனார். புலி, சிங்கம், கரடி, ஓநாய், மலைச்சிங்கம் (பூமா) என்று ஏறக்குறைய ஐம்பது விலங்குகள் வெளியே வந்துவிட்டன. பக்கத்திலேயே வீடுகள். கொஞ்சம் தள்ளி நெடுஞ்சாலை.

முதலில் போய்ச் சேர்ந்தவர்கள் சாதாரண மாவட்டப் போலீஸ்காரர்கள். குடிபோதைத் தகராறு, சாலை விபத்து, திருட்டு என்று பார்க்கிறவர்கள். யாரும் அவர்களுக்குப் புலியைப் பிடிக்கச் சொல்லித்தரவில்லை, கையில் மயக்க மருந்தும் இல்லை. இருட்டிக்கொண்டு வருகிறது. மாவட்டப் போலீஸ் தலைவரான ஷெரிஃப் மேட் லட்ஸ் சுடச் சொல்லி உத்தரவு போட்டார். மறுநாள் பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை. நெடுஞ்சாலையின் மின்பலகைகளில், விலங்குகள் சுற்றுகின்றன, வண்டியை விட்டு இறங்காதீர்கள் என்று எச்சரிக்கை ஓடியது.

மயக்க ஊசி போட்டுப் பிடித்திருக்கலாமே என்று உலகமே கேட்டது. ஒரு புலிக்கு ஊசி போட்டும் பார்த்தார்கள். ஊசி பட்டதும் அது சீறிப் பாய்ந்தது, அதையும் சுட வேண்டியதாயிற்று. மயக்க மருந்து சினிமாவில் வருகிற மாதிரி பட்ட நொடியில் வேலை செய்யாது. பல நிமிடம் பிடிக்கும். இருட்டுக்குள் அந்தப் பல நிமிடத்தில் மிரண்டுபோன புலி எங்கே போய் நிற்கும் என்று யாரால் சொல்ல முடியும்? அன்றைக்குச் செத்தவற்றில் 18 வங்கப் புலிகள், 17 சிங்கங்கள். பிழைத்தவை மொத்தம் ஆறு. மற்றவற்றை அந்தப் பண்ணையிலேயே குழி தோண்டிப் புதைத்தார்கள். உடல்கள் வரிசையாகக் கிடந்த படத்தை அப்போது செய்தியில் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நானும் மறக்கவில்லை.

அந்தப் போலீஸ்காரர்களைத் திட்டியவர்கள் ஏராளம். எனக்கு அவர்கள்மேல் ஒரு துளிக் கோபமும் வரவில்லை. யாரோ ஒருவர் ஆசைப்பட்டு வாங்கியதற்கு அவர்கள் துப்பாக்கி தூக்க வேண்டி வந்தது. "என் காசு" என்கிற பேச்சு உடைந்துபோகிற இடம் இதுதான். காசு கொடுத்தவர் வேண்டுமானால் தாம்சனாக இருக்கலாம். உயிரைக் கொடுத்தது அந்தப் புலிகள். ராத்திரி முழுக்கக் குழந்தைகளோடு கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தது அக்கம்பக்கத்துக்காரர்கள்.

இதைவிட மனம் பதறுகிற விஷயம், இது தெரியாமல் நடந்த ஒன்று இல்லை. முந்தைய வருடம்தான் அதே மாநிலத்தில் தனியார் ஒருவர் வளர்த்த கரடி, அதைப் பராமரித்த இளைஞரைக் கொன்றிருந்தது. 2011 ஜனவரியில் ஆளுநர் டெட் ஸ்ட்ரிக்லண்ட் பதவி முடிகிற சமயத்தில், ஆபத்தான விலங்குகளைப் புதிதாக வாங்குவதற்கு ஒரு தற்காலிகத் தடை போட்டார். அடுத்து வந்த ஜான் கேசிக் காலத்தில் அது ஏப்ரலில் காலாவதியானது. நீட்டிக்கவில்லை. அதே அக்டோபரில்தான் ஜேன்ஸ்வில். அதற்கப்புறம் அடித்துப்பிடித்துக்கொண்டு 2012 ஜூனில் சட்டம் கொண்டுவந்தார்கள். ஆனால் அந்தச் சட்டம் வருவதற்கு ஒரு மாதம் முன்னால், உயிர் பிழைத்தவற்றில் ஐந்தைத் தாம்சனின் மனைவியிடமே திருப்பிக் கொடுத்தார்கள். அவருடைய சொத்து, தடுத்து வைக்கச் சட்டத்தில் வழி இல்லை என்பதுதான் காரணம்.

உரிமையாளர்கள் சும்மா இருந்தார்களா? கோர்ட்டுக்குப் போனார்கள். விலங்குக்கு அடையாளத்துக்காக மைக்ரோசிப் வைக்க அந்தச் சட்டம் சொல்வதே தங்கள் சொத்துரிமையில் கை வைப்பது என்று வாதாடினார்கள். 2014இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. அமெரிக்கா முழுமைக்குமான சட்டம் வர 2022 டிசம்பர் ஆயிற்று. புலி, சிங்கம் போன்ற பெரும்பூனைகளை இனி புதிதாகச் செல்லப்பிராணியாக வைத்துக்கொள்ள முடியாது, குட்டிகளைப் பொதுமக்கள் தொட்டுக் கொஞ்சவும் விடக்கூடாது. ஏற்கெனவே வைத்திருந்தவர்கள் பதிவு செய்துகொண்டு, அவை சாகும்வரை வைத்திருக்கலாம். ஜேன்ஸ்வில் நடந்து பதினொரு வருடம் கழித்து.

அந்தக் குட்டி விஷயத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும், முழு வியாபாரமும் அங்கேதான் இருக்கிறது. புலிக்குட்டியோடு படம் எடுத்துக்கொள்ளக் காசு வாங்குவார்கள். பிறந்த சில நாளிலோ வாரத்திலோ தாயிடமிருந்து பிரித்து, புட்டிப்பால் கொடுத்துப் பழக்குவார்கள். மூன்று நான்கு மாதம் ஆனால் பல்லும் நகமும் முற்றிவிடும், மடியில் வைக்க முடியாது. அப்புறம் அடுத்த குட்டி வேண்டும், அதற்கு அடுத்த குட்டி வேண்டும். வளர்ந்துவிட்ட புலி ஒரு நாளைக்குக் கிலோக்கணக்கில் கறி தின்னும், இருபது வருடம்கூட வாழும். யார் போடுவது? அவை போய்ச் சேர்கிற இடங்கள்தான் தாம்சன் பண்ணை மாதிரியான இடங்கள்.

"நாங்கள் இனத்தைக் காப்பாற்றுகிறோம்" என்பார்கள். வெள்ளைப்புலியைப் பாருங்கள். உலகத்தில் கூண்டுகளில் இருக்கிற வெள்ளைப்புலிகள் அநேகமாக எல்லாமே 1951இல் மத்தியப் பிரதேசத்து ரேவா பகுதியில் பிடிபட்ட மோகன் என்கிற ஒரே ஆண் புலியின் வம்சம். அந்த நிறம் விட்டுப்போகாமல் இருக்க, அதன் மகளோடேயே சேர்த்து, ரத்த உறவுக்குள்ளேயே பெருக்கினார்கள். அந்த நிறத்தைக் கொடுக்கிற மரபணுவே கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பின் பாதையையும் குழப்பிவிடுகிறது, அதனால் பலவற்றுக்கு மாறுகண். நெருங்கிய ரத்தத்திலேயே பெருக்கியதால் வருகிற குறைகள் தனி. காட்டுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லாத ஒரு வம்சத்தைக் காட்சிக்காக இழுத்துக்கொண்டு வருவதற்குப் பெயர் பாதுகாப்பா?

அடுத்து, "பாசமாக வளர்த்தால் ஒன்றும் செய்யாது." கனெக்டிகட் மாநிலத்தில் டிராவிஸ் என்றொரு சிம்பன்சி இருந்தது. பிறந்த சில நாளிலிருந்து வீட்டுப் பிள்ளையாக வளர்ந்தது. மேசையில் உட்கார்ந்து சாப்பிடும், விளம்பரங்களில் நடித்தது, ஊரே அதற்குப் பழக்கம். 2009 பிப்ரவரியில் வளர்த்தவரின் தோழியைத் தாக்கியது. அந்தப் பெண் இரண்டு கைகளையும் பார்வையையும் இழந்தார். முகமே போய், பின்னால் முகமாற்று அறுவை சிகிச்சை செய்ய வேண்டி வந்தது. டிராவிஸைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. சில மாதம் முன்னால்தான், இது ஆபத்தில் முடியும் என்று மாநில அரசின் உயிரியலாளர் ஒருவரே எழுதிக் கொடுத்திருந்தார். அங்கே பாசத்துக்குக் குறைச்சலே இல்லை. பாசம் ஒரு காட்டு விலங்கை வீட்டு விலங்காக்குவதில்லை. நாய் நம்மோடு பல்லாயிரம் வருடம் இருந்து, தலைமுறை தலைமுறையாக மாறி வந்தது. கூண்டில் பிறந்த புலி அப்படியே காட்டுப்புலிதான், இடம் மட்டும்தான் வேறு.

"நாயும்தான் கடிக்குது" என்று கீழே கமெண்ட் போட வருகிறவர்களுக்கு: கடிக்கிறது, அது பெரிய பிரச்சினை, அதைப் பற்றியும் பேச வேண்டும். ஆனால் நாய் உறுமினால் அதற்கு அர்த்தம் நமக்குத் தெரியும். புலி விளையாட்டாகக் கை வைத்தாலே ஆள் போய்விடுவான்.

நம் ஊருக்கு என்ன சம்பந்தம்? சென்னை விமான நிலையத்தைக் கேளுங்கள். 2019 பிப்ரவரியில் பாங்காக்கிலிருந்து வந்த ஒரு பயணியின் பையைத் திறந்தால் பிறந்து ஒரு மாதம் ஆன சிறுத்தைக்குட்டி, எடை ஒரு கிலோ சொச்சம். அதை வண்டலூருக்குக் கொண்டுபோனார்கள். அதற்குப் பிறகும் பாங்காக் விமானங்களில் மலைப்பாம்பு, குரங்கு, ஆமை என்று பெட்டி பெட்டியாகப் பிடிபட்டுக்கொண்டே இருக்கிறது. பிடிபடாமல் வெளியே போனவற்றை யார் வாங்குகிறார்கள்?

நகரத்து ஷாப்பிங் மால் ஒன்றில் செல்லப்பிராணிக் கண்காட்சி என்று போயிருந்தேன். ஏழெட்டு வயதுப் பையன் கையில் ஆப்பிரிக்க மலைப்பாம்பு ஒன்றை வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அது தலையை நடுவில் புதைத்துக்கொண்டு பந்து மாதிரி இறுகிக் கிடந்தது. "ரொம்ப சாது சார், பாருங்க எப்படி அமைதியா இருக்குன்னு" என்றார் கடைக்காரர். அந்த இனம் பயத்தில் செய்வது அது. சொன்னேன், சிரித்துக்கொண்டே அடுத்த குழந்தையைக் கூப்பிட்டார்.

நம் சட்டத்தைப் பாருங்கள். நம்மூர்ப் பச்சைக்கிளியைக் கூண்டில் வைத்தால் வனத்துறை வழக்குப் போடலாம், அது சரியான சட்டம். தென்னமெரிக்காவின் மக்கா கிளியை வைத்துக்கொள்ளலாம். 2020இல் மத்திய அரசு, ஆறு மாதத்துக்குள் தானாக வந்து சொன்னால் வெளிநாட்டு உயிரினத்துக்கு ஆவணம் கேட்க மாட்டோம் என்று ஒரு வாய்ப்பு கொடுத்தது. எங்கிருந்து வந்தது, யார் கடத்தினார்கள் என்கிற கேள்வியே அதில் இல்லை. 2022இல் வனவிலங்குச் சட்டத்தைத் திருத்தி, வனவிலங்கு வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் CITES என்கிற சர்வதேச ஒப்பந்தத்தின் பட்டியலில் இருப்பவற்றுக்குப் பதிவைக் கட்டாயமாக்கினார்கள். 2024 பிப்ரவரியில் அதற்கான விதிகளும் வந்தன. பதிவு வேண்டியதுதான். ஆனால் யார் எதை வைத்திருக்கிறார்கள் என்றுதான் பதிவேடு சொல்லும். இதை ஒரு வீட்டில் வைக்கலாமா என்பதற்கு அதில் பதில் இல்லை.

பெல்ஜியத்தில் பாலூட்டிகளுக்கு வேறு வழி வைத்திருக்கிறார்கள். எதை வளர்க்கலாம் என்று ஒரு பட்டியல், அதில் இல்லாதது எதுவும் கூடாது. தடைப்பட்டியல் போட்டால், அதில் இல்லாத இனத்தை வியாபாரி அடுத்த விமானத்தில் கொண்டுவந்துவிடுவான். அனுமதிப் பட்டியல் என்றால் வியாபாரிதான் வந்து, இது பாதுகாப்பானது என்று நிரூபிக்க வேண்டும். இங்கேயும் எனக்கு அதுதான் வேண்டும்: அனுமதிப் பட்டியல், ஏற்கெனவே இருப்பவற்றுக்கு மைக்ரோசிப், இனப்பெருக்கத் தடை, வைத்திருப்பவர் செலவிலேயே காப்பீடு. அப்படி ஒரு சட்டம் வரும்வரை, இன்ஸ்டாவிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் குட்டி விற்பனை என்று வருகிற பதிவுகளுக்கு ஹார்ட் போடாதீர்கள், ஸ்க்ரீன்ஷாட் எடுத்து உங்கள் மாவட்ட வனத்துறைக்கு அனுப்புங்கள்.