ஜாமீன் கிடைத்த பிறகும் 41 நாள்

தாராவியில் எங்கள் சந்தில் இருக்கும் ஒரு அக்காவின் மகனுக்குப் போன வருஷம் ஜாமீன் கிடைத்தது. செல்போன் திருட்டு வழக்கு, அவனுக்கு அதுதான் முதல் வழக்கு. அன்று ராத்திரி அக்கா மீன்குழம்பு வைத்துக் காத்திருந்தார். பையன் வீடு வந்து சேர்ந்தது 41 நாள் கழித்து.

15,000 ரூபாய்க்கு உள்ளூர் ஜாமீன்தாரர் ஒருவர் வேண்டும் என்றார்கள். அக்காவின் சொந்தபந்தமெல்லாம் நாங்குநேரிப் பக்கம். இங்கே தெரிந்தவர்கள் வாடகை ரூமில் இருப்பவர்கள், சால்வன்சிக்கு, அதாவது அந்தத் தொகைக்குத் தகுதி உண்டு என்று காட்ட, ஒரு காகிதம் கிடையாது. காகிதம் இருந்தவர்களும் தயங்கினார்கள். ஜாமீன் நின்றால் ரேஷன் கார்டின் பின்பக்கம் கோர்ட் முத்திரை விழும். "நாளைக்கு எம்புள்ளைக்கு ஒண்ணுன்னா இந்தக் கார்டு ஆகாதேப்பா" என்றார் ஒரு பெரியவர். தப்பே செய்யாத தன் மகனுக்கும் ஒருநாள் அது தேவைப்படும் என்று நினைத்து வாழ்கிற மனுஷனை என்ன சொல்வது? கடைசியில் நான் நின்றேன். முதல் நாளே நின்றிருக்க வேண்டும். எனக்கும் அதே பயம்தான்.

1978இல் மோதிராம் வழக்கிலேயே உச்ச நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணய்யர் இதைக் கேட்டுவிட்டார். ஒரு தமிழனோ மலையாளியோ டெல்லி சாந்தினி சவுக்கில் கைதானால், அங்கே சொத்துள்ள ஜாமீன்தாரருக்கு எங்கே போவான் என்று. 2023 ஜனவரி 31 அன்றும் உச்ச நீதிமன்றம் சொன்னது: உள்ளூர் ஜாமீன்தாரர் கேட்பதால் விடுதலை தாமதமாகிறது, அந்த நிபந்தனையைப் போடாமல் விடலாம். ஒரு மாதத்துக்குள் ஜாமீன் கட்ட முடியாவிட்டால் கோர்ட்டே நிபந்தனையைத் தளர்த்தலாம். அந்த 'லாம்'தான் பையனை உள்ளே வைத்திருந்தது.

2024 ஜூலையில் வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479ஆவது பிரிவு, இதற்குமுன் தண்டனை பெறாத விசாரணைக் கைதி அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை உள்ளே கழித்துவிட்டால், சொந்தப் பிணையிலேயே, அதாவது அவர் கையெழுத்தை மட்டும் நம்பி, விடச் சொல்கிறது. ஜாமீன்தாரர் தேவையில்லை. நல்ல விஷயம். ஆனால் திருட்டுக்கு 3 வருஷம் என்றால் அந்த ஒரு பங்கு முழுசாக ஒரு வருஷம். ஒரு வருஷம் உள்ளே கிடந்தபின் நம்புகிற கையெழுத்தை, ஜாமீன் கொடுத்த அன்றே நம்பினால் என்ன?

ஜாமீன் உரிமையாகவே கிடைக்கிற சின்னக் குற்றங்களுக்கு அதே சட்டத்தின் 478ஆவது பிரிவில் வழி இருக்கிறது. கைதாகி ஒரு வாரத்தில் ஜாமீன்தாரரைக் கொண்டுவர முடியாதவரை வசதியற்றவர் என்று எடுத்துக்கொண்டு, சொந்தப் பிணையில் விட வேண்டும். இதே ஒரு வார விதியை, கோர்ட் ஜாமீன் கொடுத்துவிட்ட எல்லா வழக்குகளுக்கும் கொண்டுவர வேண்டும். 'விடலாம்' என்றில்லை, 'விட வேண்டும்' என்று எழுத வேண்டும்.

அதுவரைக்கும், உங்கள் வீட்டில் யாராவது ஜாமீன் கிடைத்தும் உள்ளே இருந்தால், அந்த ஜனவரி 31 உத்தரவைக் காட்டி மனு போடச் சொல்லி வக்கீலிடம் கேளுங்கள். அக்காவுக்கு அப்படி ஒன்று இருப்பதை யாரும் சொல்லவில்லை. எனக்கே அவன் வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.