மடிக்கணினி கொடுத்ததும் பெரு நாட்டில் மதிப்பெண் கூடியதா?

"பெரு நாட்டு கிராமப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு மடிக்கணினி கொடுத்தார்கள், ஆசிரியர் சொல்லித்தராமலே கணக்கிலும் மொழிப்பாடத்திலும் மதிப்பெண் எகிறியது" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. முதல் பாதி உண்மை. இரண்டாம் பாதி தவறு.

அமெரிக்கக் கணினி வல்லுநர் நிக்கோலஸ் நெக்ரோபோன்டே 2005இல் அறிவித்த 'பிள்ளைக்கொரு மடிக்கணினி' திட்டத்தில் பெரு பெரிய அளவில் இறங்கியது உண்மைதான். அங்கே 319 கிராமப்புறத் தொடக்கப்பள்ளிகளில், திட்டம் தொடங்கி சுமார் 15 மாதங்களுக்குப் பிறகு எடுத்த விவரங்களை வைத்து அமெரிக்க நாடுகளிடை வளர்ச்சி வங்கியின் ஆய்வாளர்கள் 2012இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கணினி கிடைத்த பள்ளிகளுக்கும் கிடைக்காத பள்ளிகளுக்கும் இடையே கணக்கு, மொழிப்பாட மதிப்பெண்ணில் வித்தியாசமே தெரியவில்லை. பொதுவான சிந்தனைத் திறனில் மட்டும் ஓரளவு முன்னேற்றம் இருந்தது; அதை மறைப்பதும் நேர்மையாகாது.

காரணம் பிள்ளைகளின் திறமைக் குறைவு அல்ல. ஏறக்குறைய எந்தப் பள்ளியிலும் இணைய வசதி இல்லை. கணினிக்குள் சுமார் 200 புத்தகங்கள் இருந்தன, ஆனால் அவற்றைப் பாடத்தோடு எப்படி இணைப்பது என்று ஆசிரியருக்குத் தெளிவான வழிகாட்டல் இல்லை. பழுதானால் யார் பொறுப்பு என்ற பயத்தில் பல பிள்ளைகளின் கையில் அது வீடுவரை போகவே இல்லை.

இதைக் காட்டி 'கணினியே வீண்' என்பவர்களும் தவறு செய்கிறார்கள். டெல்லியில் மாணவரின் நிலைக்கேற்பக் கணக்குக் கொடுக்கும் மென்பொருளை மாலை வகுப்புகளில் பயன்படுத்தியபோது, நான்கரை மாதத்திலேயே மதிப்பெண் நன்றாக உயர்ந்தது. அங்கே கணினியோடு பாடத்திட்டமும் உதவியாளரும் இருந்தார்கள்.