கமலா ஹாரிஸ் வழக்கறிஞரே இல்லையா?

‘பார் தேர்வில் (வழக்கறிஞராகப் பதிவு செய்ய எழுத வேண்டிய தேர்வு) ஃபெயிலான கமலா ஹாரிஸ் வழக்கறிஞரே கிடையாது’ என்று ஒரு செய்தி சுற்றுகிறது. பாதிதான் உண்மை. முதல் முறை தோற்றார், சரி, மறுபடி எழுதித் தேறி 1990-இல் கலிஃபோர்னியாவில் வழக்கறிஞராகப் பதிவானார். அப்புறம் அலமீடா கவுண்டியில் துணை அரசு வழக்கறிஞர். 2000-இல் சான் பிரான்சிஸ்கோ நகர வழக்கறிஞர் அலுவலகத்தில் சேர்ந்து குழந்தைகள், குடும்பங்கள் தொடர்பான வழக்குகளைப் பார்க்கும் பிரிவுக்குத் தலைமை ஏற்றார், அந்த உழைப்பை யாரும் பேசுவதில்லை என்பதுதான் என் வருத்தம்.

2003-இல் மாவட்ட அரசு வழக்கறிஞர் தேர்தலில் வென்றார். 2010-இல் மாநில அட்டர்னி ஜெனரல் (மாநிலத்தின் தலைமை அரசு வழக்கறிஞர்) பதவிக்கான போட்டியில் தேர்தல் இரவே எதிராளி தான் வென்றதாக அறிவித்துவிட்டார், வாரக்கணக்கில் எண்ணி முடித்தபோது ஒரு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் ஜெயித்தது கமலா. 2016-இல் செனட் தேர்தலிலும், 2020-இல் துணை அதிபர் தேர்தலிலும் வென்றார்.