மூலையில் நிற்கும் வோக்கர்

"அம்மாவுக்கு வோக்கர் வாங்கிக் கொடுத்தோம், தொட்டும் பார்க்கிறா இல்லை." திருகோணமலையில் பல வீடுகளில் இந்தக் குறை காதில் விழுகிறது. பிள்ளை கனடாவிலிருந்து காசு அனுப்பும், பிடித்துக்கொண்டு நடக்கும் அந்தச் சட்டம் வந்து சேரும், பிறகு அது அறை மூலையில் நிற்கும். உடனே "வயது போனதுகள் சொல்வழி கேளாதுகள்" என்று கதையை முடித்துவிடுகிறோம். அது பெரிய அநியாயம்.

உப்புவெளியில் எனக்குத் தெரிந்த ஆச்சி ஒருவருக்கு நல்ல விலையில் சில்லு வைத்த வோக்கர் வந்தது. முற்றம் முழுக்கக் குருமணல். நாலு அடி தள்ளினால் முன்சில்லு புதைந்துவிடும். கிணற்றடிக்கும் கழிப்பறைக்கும் போக மூன்று படி இறங்க வேண்டும். அவர் நடக்கும் வழியில் அந்தச் சில்லு உருளக்கூடிய தரையே இல்லை. பிறகு பேரன் படியோரம் ஒரு குழாயைக் கைபிடியாக நட்டுக் கொடுத்தான். இப்போது ஆச்சி தனியாகவே போய் வருகிறார்.

பொல்லுக்கும் அளவு இருக்கிறது. செருப்போடு நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்பு எங்கே வருகிறதோ, அதுதான் கைபிடியின் உயரம். வலது முழங்காலில் நோ என்றால் பொல்லு இடது கையில் இருக்க வேண்டும். இதை யார் சொல்லிக் கொடுத்தோம்? அடியிலுள்ள இறப்பர் தேய்ந்தால் ஈரச் சீமெந்தில் வழுக்கும். ஒருமுறை வழுக்கிவிட்டால் பிறகு எப்படி நம்பிப் பிடிப்பார்கள்?

காது மெசினும் அப்படித்தான். போட்ட புதிதில் கோப்பை வைக்கும் சத்தம்கூடத் தலைக்குள் இடிக்கும். பழகச் சில வாரம் எடுக்கும். அந்த நாட்களில் பக்கத்தில் இருந்து மெதுவாகப் பேச ஆள் வேண்டும், குட்டிப் பற்றறியை மாற்றிக் கொடுக்கவும் ஆள் வேண்டும்.

அப்புறம் வெட்கம். பொல்லோடு கோணேசர் கோயிலுக்குப் போனால் "விழுந்து போனா" என்று சனம் கதைக்குமாம். ஆனால் சம வயதுத் தோழி ஒருத்தி பொல்லோடு வந்தால் அந்தத் தயக்கம் பாதி குறைந்துவிடும்.

உலகில் 250 கோடிக்கும் மேற்பட்டோருக்கு ஏதாவது ஓர் உதவிச் சாதனம் தேவை என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் 2022இல் சொன்னன. பலருக்கு அது கிடைப்பதே இல்லை. கிடைத்த வீட்டிலாவது அது பயன்பட வேண்டாமா?

சாமான் அனுப்ப முன்னர் ஒருக்கா போன் எடுத்து, "அம்மா, வீட்டில எந்த இடத்தில நடக்கப் பயமாயிருக்கு?" என்று கேளுங்கள். டவுனில் பொல்லு இறப்பர் தனியாக விற்கும் கடை தெரிந்தவர்கள் கீழே போடுங்கள், பலர் தேடுகிறார்கள்.